142857

பேத்தி போனில் ஒன்றை ஏழால் வகுத்தாள். 142857 என்று திரும்பத் திரும்ப வந்தது. எனக்கு வேப்பிலை வாசனை அடித்தது.

சின்ன வயதில், வலியசாலை வீட்டில் எனக்கு அம்மை வார்த்திருந்தது. பின்கட்டு அறையில் வேப்பிலைமேல் கிடந்தேன். கிட்டே யாரும் வரக்கூடாது. சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே அக்கா மட்டும் நிற்பாள். அதுவும் ஒரு கணக்கு முடியும்வரைதான், அம்மாவின் உத்தரவு. நானோ படிப்பில் மகா மேதை. ஸ்லேட்டைப் பார்த்தாலே தூக்கம் வரும்.

"142857. ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் பெருக்கிச் சொல்லுடி" என்றாள் அக்கா.

இரண்டால் பெருக்கினேன், 285714. மூன்றால், 428571. அதே ஆறு இலக்கமும் வரிசை கலையாமல் பந்தியில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தன. ஆறாவது பெருக்கல் முடிந்தால் அக்கா போய்விடுவாள். அதனால் நாலுக்கு 571439 என்று சொல்லிவைத்தேன்.

அக்கா சிரித்தாள். "ஏண்டி, மூணும் ஒன்பதும் எங்கேர்ந்து வந்தா? ஆறு வரைக்கும் அந்த ஆறு பேரேதான் மாறி மாறி வருவா, கேட்டோ. வேணும்னே தப்பா சொல்றே."

"போகாதே அக்கா."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சரி, இன்னொரு தப்பு சொல்லு" என்றாள்.

இருட்டி அம்மா கூப்பிடும்வரை தப்பாகவே சொன்னேன்.

"பாட்டி, இதை நாலால பெருக்கினா எத்தரை?" என்றாள் பேத்தி.

571439 என்றேன்.

"தப்பு பாட்டி." சரியான விடையைப் போனில் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.