றேடியோவுக்குள் இருந்த மருமகன்

பஸ்ஸில் "இறக்கம்" என்று சத்தம் போடக் கூச்சப்பட்டு, மருதமுனையில் இறங்க வேண்டியவன் பெரியநீலாவணை வரைக்கும் போய்த் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். ஒருமுறை அல்ல. கண்டக்டருக்கு என்னைத் தெரிந்த பிறகு அவரே மணியை அடித்து இறக்கிவிடுவார். அப்போதும் நன்றி சொல்ல வாய் வராது.

இப்படிப்பட்டவனுக்கு ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளின் பிற்பாதியில் மருதமுனையில் கலியாணம் ஆனது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் போய் இருப்பான். என் பெட்டியோடு ஒரு உகுலேலேயும் போனது. கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்த காலத்தில், அடுத்த அறையில் இருந்த பறங்கிக்காரர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது கொடுத்தது. கித்தாரின் கைக்குழந்தை மாதிரி இருக்கும், நாலே நரம்பு. எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம், அதன் சத்தம் என் மடியைத் தாண்டாது. பழைய நரம்பு அறுந்ததும் மீன்பிடிக்கிற நைலோன் தங்கூசியை வாங்கிக் கட்டினேன். சத்தம் இன்னும் குறைந்தது. எனக்குப் பரம திருப்தி.

மாமி என்னோடு நேரே கதைக்கமாட்டார். அது வழக்கம். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், மகள் எனக்குச் சொல்வாள். நான் பதில் சொல்ல வேண்டும், அதுதான் நடக்கவில்லை. தலையாட்டுவேன். மகள் போய், "தலையாட்டினார்" என்று அறிவிப்பாள். கலியாணத்தன்று, முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவிக்கிற வட்டலப்பம் பிடிக்குமா என்று கேட்டதற்கும் தலையாட்டிவிட்டேன். உண்மையில் எனக்கு அந்த முட்டை வாசனையே ஆகாது. அன்றிலிருந்து வாரத்தில் பாதி நாள் என் முன்னால் வட்டலப்பம் வந்து குந்தியது.

ஒருநாள் மனைவி கிணற்றடியிலிருந்து கண் சிவந்து வந்தாள். என்னவென்று கேட்கவும் எனக்குக் கொஞ்சநேரம் பிடித்தது.

"முன்வூட்டு ராத்தா கேக்கிறா, உன்ட மாப்புள ஊமையா எண்டு. எல்லாரும் சிரிச்சிட்டாளுகள்."

"நீ என்ன சொன்னாய்?"

"நல்லாக் கதைப்பார் எண்டன். அப்ப எங்களுக்கும் ஒருக்காக் கேக்கட்டுமே எண்டுறா. நான் எங்க போற? எனக்கு இனி அந்தக் கிணத்தடிக்குப் போக ஏலா."

எனக்குச் சுருக்கென்றது. என்னை யார் என்ன சொன்னாலும் போகட்டும், அவள் தண்ணீர் அள்ளப் போகும் இடத்தில் தலை குனிந்து நிற்பதா? ஆனாலும் பெண்கள் கூடியிருக்கும் இடத்தில் போய் நான் கதைப்பது நடக்கிற காரியம் இல்லை. அவள்தான் வழி கண்டுபிடித்தாள்.

"கதைக்க ஏலாட்டி அந்தச் சின்னக் கித்தார அடிச்சாவது காட்டுங்க. உள்ளறைக்குள்ள இருந்தே அடிங்க. ஆள் இரிக்கார் எண்டாவது தெரியட்டும்."

அடித்துப் பார்த்தேன். வீட்டு முன்மண்டபத்தில் நின்றவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வளவில் தறிகள் கடகடவென்று ஓட, தங்கூசியின் முனகலுக்கு என்ன மதிப்பு? அப்போதுதான் மண்டபத்து மேசையில் இருந்த பற்றரி றேடியோவின் பின்பக்கத்தைப் பார்த்தேன். கிராமபோனைப் பூட்டுவதற்கு இரண்டு துளைகள் இருந்தன. உகுலேலேயிலிருந்து ஒரு கம்பியை இழுத்து அதில் பூட்டினால், நான் கதவை மூடிக்கொண்டு உள்ளே இருப்பேன், என் பாட்டு மட்டும் வெளியே போய் மண்டபத்தில் உட்கார்ந்துகொள்ளும். கூச்சக்காரனுக்கென்றே வெள்ளைக்காரன் செய்த ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

கல்முனை பஜாரில் றேடியோ திருத்துகிற கடைக்காரர், நரம்பின் சத்தத்தைப் பிடித்துக் கம்பிக்குக் கொடுக்கிற பிக்கப்புகள் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, யுத்தகாலத்துப் பட்டாளக்காரரின் காதுக்குழாயிலிருந்து கழற்றிய காந்தம், பளபளவென்று பாரமாக இருந்தது. மற்றது உடைந்த கிராமபோனின் தலை, பாக்களவுதான், ஊத்தையாக இருந்தது.

"தம்பி, நரம்பு கம்பியா, தங்கூசியா?" என்று கேட்டார்.

கடையில் வேறு நாலைந்து பேர் நின்றார்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓம்," என்றேன்.

அவர் கொஞ்சநேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பளபளப்பானதன் மேல் என் கை இருந்ததால் அதையே சுற்றித் தந்தார். வீட்டுக்கு வந்து நரம்புகளுக்கு அடியில் அதைப் பூட்டி, கம்பியை இழுத்து, மகா கம்பீரமாக அடித்தேன். றேடியோ வாயே திறக்கவில்லை. வீட்டில் ஊமைகள் நாங்கள் இரண்டு பேராகிவிட்டோம்.

மறுநாள் கடைவாசலில் போய் நின்றேன். அவரே புரிந்துகொண்டார்.

"தங்கூசிதானே கட்டியிரிக்கீங்க? காந்தத்துக்கு இரும்புச் சாதிதான் கேக்கும் தம்பி. தங்கூசிக்கு அது செவிடு. இந்தாங்க, இந்தத் தலையக் கொண்டு போங்க. இது பலகை நடுங்குறதக் கேக்கும். அதின்ட முள்ளு பலகையில முட்டினாச் சரி."

இனி அதை எங்கே பொருத்துவது என்ற பிரச்சினை. தேன்மெழுகை உருட்டி, ஒட்டி ஒட்டிப் பார்த்தேன். மனைவி மண்டபத்தில் றேடியோவுக்குப் பக்கத்தில் நின்று தீர்ப்புச் சொன்னாள். நரம்புகள் ஏறி நிற்கும் குதிரைக்குப் பக்கத்தில் வைத்தால், "தகரத்துல மழ பெஞ்ச மாதிரி இரிக்கி." துளைக்குப் பக்கத்தில் வைத்தால், "பானைக்குள்ள கதைக்கிற மாதிரி." கடைசியில் குதிரைக்குக் கீழே, விளிம்போரமாக வைத்தபோது அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நல்லா இரிக்கி," என்றாள். "உங்கட சத்தம் எண்டு நம்ப ஏலாம இரிக்கி."

மெழுகின் மேல் சீலைத்துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். வாசிக்கும்போது உகுலேலேயை நெஞ்சோடு அணைத்து, முகத்தைக் கவிழ்த்து, நாடியை அதன் விளிம்பில் ஊன்றிக்கொள்வது என் பழக்கம். முகத்தை மறைக்க அதைவிட வசதியான இடம் வேறில்லை. நாடி ஊன்றிய பலகையும் நடுங்கும், அந்த நடுக்கத்தையும் முள் கேட்கும் என்ற சின்ன விசயம் மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

மாமனார் வயலில் நெல் சூடடிப்புக்காக வாடிக் குடிசையில் தங்கியிருந்த கிழமையாகப் பார்த்து, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் வந்தார்கள். முன்வீட்டு ராத்தா முதல் ஆளாக வந்து றேடியோவுக்கு நேரே இருந்துகொண்டார் என்று மனைவி சொன்னாள். அவள் போய் றேடியோவைத் திறந்தாள். நான் உள்ளறையில் கதவைச் சாத்தி, நாடியை ஊன்றி, விரலை நரம்பில் வைத்தேன். விரல் அசையவில்லை. நெஞ்சு மட்டும் அடித்தது.

மண்டபத்தில் ஒரு குரல் கேட்டது. "என்னகா, றபான் அடிக்கிறாரா?"

அது என் நெஞ்சு என்று எனக்குத் தோன்றவே இல்லை. வந்தவர்களுக்குள் யாரோ றபான் மேளம் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் கோப்பை. "உம்மா தந்தா. தின்டுட்டுத் தெம்பா அடிக்கட்டாம்."

பார்த்தேன். வட்டலப்பம். பயமும் கூச்சமும் பல மாதத்து முட்டை வாசனையும் சேர்ந்து என் வாயைத் திறந்துவிட்டன. நாடியை எடுக்காமலே சொன்னேன்:

"புள்ள, அல்லாவுக்காக அத அங்கால கொண்டு போ. எனக்கு இது தொண்டைக்குள்ள இறங்காது. கலியாணத்தண்டு வெக்கத்துல தலையாட்டினன். உங்கட உம்மா என்னில இரக்கப்பட்டு இரக்கப்பட்டே என்னக் கொல்லப் போறா."

நான் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் கதவுக்கு அப்பால், மண்டபத்திலிருந்து, தொண்டை கனத்த ஒரு ஆண்குரல் அதையே ஊருக்குச் செய்தி வாசிப்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குரலுக்கு என் சொற்கள் எப்படித் தெரிந்தன என்று ஒரு கணம் ஆச்சரியப்பட்டேன். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் என் நாடிக்குக் கீழிருந்து மண்டபத்துக்கு ஓடும் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓடிவிடலாம் என்றால் அறைக்கு ஒரே கதவு, அது மண்டபத்துக்குள்தான் திறக்கும். அப்போது மாமி எழும்பி வருவது கதவு இடுக்கில் தெரிந்தது. என் பக்கம் வரவில்லை. நேரே றேடியோவிடம் போனார். முக்காட்டை இழுத்துவிட்டு, குனிந்து, அதன் சீலை போர்த்த வாயருகே தன் வாயை வைத்தார். நான் அதற்குள்தான் இருக்கிறேன் என்பதுபோல, மரியாதையாகவே கேட்டார்:

"மருமகன், அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

அவர் கேட்டது சுவருக்கு மேலால் எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் றேடியோவிடம் கேட்ட கேள்விக்கு றேடியோ வழியாகத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று பட்டது. நாடியை இன்னும் இறுக்கி ஊன்றினேன்.

"சோறும், கீரி மீன் புளியாணமும், மாமி. கொஞ்சம் முருங்கை இலைச் சுண்டலும்."

முதலில் முன்வீட்டு ராத்தாதான் வெடித்துச் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. யாரோ கலியாண வீடு மாதிரிக் குரவையும் போட்டார்கள். மாமி மட்டும் சிரிக்கவில்லை. "இத முதலே சொல்லியிரிக்கலாமே, மகன். நான் அந்தக் கருப்பட்டிக்கு எங்கெல்லாம் ஆள் அனுப்பினன்," என்று றேடியோவைக் கடிந்துகொண்டார்.

அதன் பிறகு வாசித்தேன். பிழையில்லாமல் வாசித்தேன் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல ஆளில்லை. கீரி மீனுக்குப் புளி எவ்வளவு போட வேண்டும் என்று வெளியே பெரிய தர்க்கம் நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு தானாகவே கிணற்றடிக்குப் போனாள். வழக்கத்தைவிடத் தாமதமாகத் திரும்பி வந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"முன்வூட்டு ராத்தா கேக்கச் சொன்னா. அவட மருமகனும் வந்த நாளையிலிருந்து வாய் திறக்கிறாரில்லயாம். அந்த முள்ளுல ஒண்டு வாங்கி அவருக்கும் பூட்டிக் குடுக்க ஏலுமா எண்டு."