கதவைப் பிடித்தவன்

காலி கன்டெய்னரில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். ஒருவன் உள்ளே போக வேண்டும், மற்றவன் வெளியிலிருந்து கதவை இறுக்கிச் சாத்த வேண்டும். இருட்டில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. உள்ளே இருப்பவன் இரண்டு தட்டு தட்டினால்தான் கதவு திறக்கும். எண்ணூர் சாலையில் இருந்த எங்கள் யார்டில் பதினோரு வருடம் உள்ளே போனவன் நான். கதவைப் பிடித்தவன் என் தோஸ்து. சூப்பர்வைசர் ஆன பிறகும், ஆள் குறைந்தால் அவனே வந்து நிற்பான்.

போன வருடம் யார்டுக்கு வரும் கன்டெய்னர் பெட்டிகள் கூடின, ஆட்கள் குறைந்தார்கள். ஒரு நாள் மத்தியான வெயிலில் உள்ளே போன நான் தட்டவில்லை. அடுப்பு மாதிரிக் காய்ந்த இருட்டில் உட்கார்ந்து அழுதேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எழ முடியவில்லை, அவ்வளவுதான். பத்து நிமிஷம் பொறுத்து அவனே திறந்தான்.

“வுடு மாமு. நான் யார்கிட்ட சொல்லப் போறேன்” என்று டீ வாங்கிக் கொடுத்தான்.

அப்புறம் யார்டு வாசல் கேட்டில் கேமரா வைத்தார்கள். துரு எது, நசுங்கல் எது, ஓட்டை எது என்று போட்டோவில் கட்டம் போட்டுக் காட்டினால் ஏஐ கற்றுக்கொள்ளுமாம்.

“நீ சொல்லிக்குடு மாமு. அப்புறம் அது பாத்துக்கும், நீ ஏசில குந்திக்கினு கையெழுத்துப் போடு” என்றான்.

நம்பினேன். நாலு மாதம், ஷிஃப்ட் முடிந்தும் உட்கார்ந்து அதன் தப்பையெல்லாம் திருத்தினேன். அது தேறத் தேற எனக்குப் பெருமை வேறு. என்னைப் போல ஒரு கூமுட்டை உண்டா?

கடிதம் வந்தது. இந்த மாதத்தோடு வேலை இல்லை. காரணம், பணி நேரத்தில் கன்டெய்னருக்குள் பத்து நிமிடம் ஓய்வெடுத்தது. அந்தப் பத்து நிமிஷம் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

நேரே போய்க் கேட்டேன்.

“ஒர்த்தனைத் தூக்கக் காரணம் கேட்டாங்க மாமு. குடுக்கலைனா என்னைத் தூக்குவாங்க. எனக்கும் வூடு கீது.”

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் கடைசி நாளில், ஒரு பெட்டியில் கேமராவுக்குச் சந்தேகம் வந்தது. உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லி என்னையே கூப்பிட்டான், பழக்க தோஷம். நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னிக்கு நீ உள்ள போ. நான் சாத்துறேன்.”

வாசல் வரை வந்தான். கம்பி மேல் இருந்த என் கையைப் பார்த்தான். உள்ளே காலை வைக்கவில்லை.