நாடாவில் மட்டும் செய்த திருத்தம்

நல்லேப்பிள்ளியில் நெல் விளைவித்த குடும்பத்தில் பிறந்த அர்த்தநாரி, சித்தூர்க் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பாலக்காட்டில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்யும் சிறிய நிறுவனமொன்றில் சேர்ந்தார். 1979இல் அவர் கைக்கு வந்த வேலை, உடும்பஞ்சோலை மலையில் ஓர் எஸ்டேட்டின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கான பெட்டி. சூடு எல்லை மீறினால் அது மணியடிக்க வேண்டும். அடுப்பைப் பார்ப்பவர் உடனே விறகை வெளியே இழுத்துவிடுவார்.

பெட்டிக்குள் இருந்த சில்லுக்குத் தன் நிரலைத் தானே மொழிபெயர்த்துக்கொள்ளும் வலு இல்லை. அதைக் கோயம்புத்தூரில் ஓர் அறையை அடைத்து நின்ற பெரிய கணினி செய்தது. அர்த்தநாரி நிரல் பதித்த துளையட்டைகளைப் பேருந்தில் கொண்டுபோவார்; சில்லுக்குப் புரியும் எண்கள் காகித நாடாவில் துளைகளாக வரும்.

முதற்சோதனையில் மணி அடிக்கவில்லை. ஒன்பது நாள் நாடாவை விரலால் தடவிப் படித்துப் பிழையைக் கண்டார். நிரலில் பின்னால் வரும் இடத்துக்குத் தாவச் சொன்னால், கணினியிலிருந்த மொழிமாற்றி அந்த இடத்தின் முகவரி எண்ணுடைய இரு பாதிகளையும் இடம் மாற்றி எழுதியது. அத்தகைய தாவல் ஒன்றே ஒன்றுதான்: மணிக்குப் போவது. மொழிமாற்றியைத் திருத்தக் கோயம்புத்தூர்க் கணினியில் நேரம் கிடைக்க ஒரு மாதமாகும். ஆகவே, தவறான துளைகளின்மேல் காகிதம் ஒட்டிச் சரியானவற்றைக் கையால் குத்தினார். மணி அடித்தது. ஒட்டுவேலை செய்ததைச் சொல்ல வெட்கப்பட்டு, எவரிடமும் சொல்லவில்லை.

நெல் அறுக்கும் கொய்த்துக்காக அவர் ஊருக்குப் போயிருந்த வாரத்தில், சூட்டின் எல்லையைச் சற்றுக் கூட்டும்படி எஸ்டேட்டிலிருந்து கடிதம் வந்தது. உடன் வேலை செய்த மிக்கேல்ராஜ், நிரலில் ஓர் எண்ணை மாற்றிக் கோயம்புத்தூரில் மறுபடியும் ஓட்டி, புதிய நாடாவிலிருந்து புதிய சில்லை எழுதி அனுப்பினார். பழைய பிழையும் அதிலேறிப் போயிற்று.

ஒரு பிற்பகலில் ஸ்டோரிலிருந்த காய் முழுவதும் கருகியது. அடுப்பைப் பார்த்த சோலை மணியடித்தும் எழாமல் தூங்கிவிட்டாரென்று வேலையைவிட்டு நீக்கினார்கள். செய்தி கேட்ட அர்த்தநாரி புதிய நாடாவை எடுத்துப் பார்த்தார். அதில் ஒட்டு இல்லை.

மறுநாளே மலையேறினார். எஸ்டேட் மேலாளர் நல்லதம்பியிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தார்.

"அவனே தூங்கிட்டேன்னு ஒத்துக்கிட்டானே சார். இல்லேன்னு அவன் வாயால சொல்லட்டும். நாளைக்கே அடுப்புக்கு வரட்டும்," என்றார் நல்லதம்பி.

தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் சோலையின் மனைவி அழகுத்தாய், பானைசட்டிகளைச் சாக்குகளில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி செஞ்ச சாரா? அது தூங்காதுன்னு சொல்லித்தான மாட்டுனீக! தூங்குனது இந்த மனுசன்தானாம்."

"இல்லீங்க. மணி அடிக்கவே இல்லீங்க. தப்பு என்னுதுங்க." அர்த்தநாரி சோலையின் பக்கம் திரும்பினார். "முழிச்சுத்தான் இருந்தேன்னு மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, போதுமுங்க."

சோலை எழுந்து நின்றார்.

"மொதல்ல நானும் அப்படித்தான் சொன்னேன் சார். மிசினு பொய் சொல்லாதுன்னாக. ரோசிச்சுப் பாத்தேன். கண்ணசந்துதான் இருக்கணும். காய் கருகுற வாடைகூடத் தெரியலையே."

"நாளெல்லாம் விறகுப் புகைக்குள்ள இருக்கறவருக்கு வாடை எப்படீங்க தெரியும்?"

"நல்ல மனசுல சொல்றீக. ஆனா மாரியாத்தா முன்னால நின்னு, தூங்கிட்டேன் தாயேன்னு மன்னிப்புக் கேட்டுட்டேன். இப்ப முழிச்சிருந்தேன்னு சொன்னா அது பொய்யில்லையா?"

அர்த்தநாரி நாடாவை விரித்துக் காட்டினார். சோலை மரியாதைக்காகக் குனிந்து அந்தத் துளைகளைப் பார்த்தார். பிறகு, மலையிறங்கும் போடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சொல்லி, ஒரு சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

மற்றொரு சாக்கை அர்த்தநாரி தூக்கிக்கொண்டார். அழகுத்தாய் தடுக்கவில்லை.