யாரும் திருத்தலாம்

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் எங்கள் அலுவலகத்தில் எதை எடுத்தாலும் விக்கியில் போட்டுவிடும் வியாதி பரவியிருந்தது. சேலத்திலிருந்து வந்த என் நண்பனுக்கு அது முற்றிப்போய், பழைய தமிழ்ப் புத்தகங்களைக் காப்பதற்கென்றே சொந்தச் செலவில் ஒரு விக்கி தொடங்கினான். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம்.

முதல் புத்தகம் கணக்குப் பிரிவு அக்கா கொண்டுவந்தது. ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர். மில் தொழிலாளியான அவருடைய அப்பா தன் வாழ்க்கையை எழுதி, அல்சூரில் அச்சடித்து, சொந்தக்காரர்களுக்குக் கொடுத்த சின்னப் புத்தகம். மிஞ்சியது அந்த ஒரு பிரதிதான்.

"பக்கங்களை ஸ்கேன் பண்ணியும் போடுவோம்" என்றேன்.

"அது இடத்தை அடைக்கும்டா. எழுத்து இருந்தா போதாதா?" என்றான் நண்பன். மூவரும் உட்கார்ந்து தட்டச்சு செய்தோம்.

வேலைநிறுத்தத்தின்போது தன் மைத்துனர் மட்டும் 'பின்வாசல் வழியாக வேலைக்குப் போனான்' என்று அப்பா எழுதியிருந்தார். அந்த மைத்துனரின் மகன், அக்காவுக்கு அத்தைமகன், பிரேசர் டவுனில் இருந்தார். அவருக்கும் இன்டர்நெட் இருந்தது. ஒரே வாரத்தில் அவருடைய தந்தை 'பேச்சுவார்த்தைக்குப் போனார்.' மரியாதையும் சேர்ந்துகொண்டது.

அக்கா விடவில்லை. பின்வாசலைத் திரும்ப வைத்தார். கூடவே, மைத்துனர் மேனேஜர் வீட்டில் பிரியாணி சாப்பிட்டதையும் சேர்த்தார்.

"இது புத்தகத்துல இல்லையேக்கா?"

"அப்பா வாயால சொன்னதுதாம்பா. எழுத மறந்துட்டாரு."

இறந்து பல வருடமான மனிதர் மாதாமாதம் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார். நண்பன் அசரவில்லை. "பழைய வடிவம் எல்லாம் உள்ளே பத்திரமா இருக்கு. எதுவும் அழியாது" என்றான்.

பிறகு அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. சர்வருக்குப் பணம் கட்ட மறந்தான். விக்கி போயிற்று, உள்ளே பத்திரமாக இருந்தவையும் போயின. புத்தகத்தைக் கேட்டு அக்காவிடம் ஓடினேன்.

"வீட்டுக்கு வெள்ளையடிச்சப்போ பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேனே. அதான் நெட்ல இருக்கேன்னு."

விக்கி போவதற்கு முன்பே எங்கள் தெருக் கோயில் விழாக்குழு அந்த விக்கிப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து விழா மலரில் முழுதாக வெளியிட்டிருந்தது. அத்தைமகனும் அக்காவும் போட்ட சண்டையில் அன்றைக்கு எது மேலே இருந்ததோ அது: 'பின்வாசல் வழியாகப் பேச்சுவார்த்தைக்குப் போனார். பிரியாணி சாப்பிட்டார்.'

சில வருடம் கழித்து, தொழிலாளர் வரலாறு எழுதும் ஒருவர் அந்த மலரோடு அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். இது மூலமல்ல என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அச்சுல வந்திருக்கே சார்" என்றார், பிரியாணியின் கீழே கோடு போட்டுக்கொண்டே.