ஓரகத்தி பக்கத்து வெயில்

இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்த நான் மூன்றாம் நாள் நடந்த நடையைப் பார்த்திருந்தால் உங்களுக்கே சிரிப்பு வந்திருக்கும். கழுத்தில் பயிற்சி அட்டை, கையில் திசை காட்டும் போன், முகத்தில் எஞ்சினியர் களை. எனக்கு வேலை தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில்; தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். இரத்தினபுரியில் நடந்த அந்தப் பயிற்சியில், ஒரு வீட்டுக்குக் காற்றாடி பொருந்துமா, சோலார் பலகை பொருந்துமா என்று அளந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். நிவித்திகலப் பக்கத்தில் இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

சும்மா வந்த ஆசை இல்லை. என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் இடத்தில் நின்று நின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். இழுப்பு வந்தால் மருந்தைப் புகையாக்கித் தரும் மெசினை மூக்கில் வைக்க வேண்டும். அந்த மெசினுக்குக் கரண்டு வேண்டும். எங்கள் தோட்டத்திலோ மழை வந்தால் கம்பியில் மரம் விழும், மரம் விழுந்தால் கரண்டு போகும், திரும்பி வருவது அதன் இஷ்டம்.

முதலில் காற்றை அளந்தேன். மூங்கில் கழியில் மகளின் பழைய ரிப்பனைக் கட்டி, இஸ்தோப்புத் திண்ணைக்கு முன்னால் நட்டுவிட்டுக் காத்திருந்தேன். நாலு பக்கமும் மலை, ரிப்பன் அசைந்தால்தானே! மழைக்கு முன்னால் ஒரு தடவை படபடவென்று அடித்தது. பிறகு நனைந்து கழியோடு ஒட்டிக்கொண்டது.

"காத்து வேணும்னா நம்மதான் வாயால ஊதணும்" என்றார் கணவர், ஊத மூச்சில்லாத மனுஷன்.

காற்று சரிவராது என்று தள்ளிவிட்டு வெயிலுக்கு வந்தேன். எங்களுடையது முதுகோடு முதுகு ஒட்டிய லயத்து வரிசை வீடு. ஒரே கூரைக்குக் கீழே முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் கணவரின் அண்ணன் குடும்பம். நடுவில் கூரையைத் தொடாத ஒரு சுவர். அவர்கள் பக்கம் கிழக்கு, எங்கள் பக்கம் மேற்கு. நான் அளந்தது மாசி மாதம், மழையே இல்லாத ஒரு வாரம். பின்னேரம் எங்கள் கூரையில் வெயில் கொளுத்தியது. அருமையான இடம் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

"அண்ணன் பக்கம் ஒரு வார்த்தை கேட்டுப் பாப்போமா?" என்றார் கணவர்.

"செத்தாலும் அந்தப் பக்கம் போய் நிக்க மாட்டேன்!" என்றேன். சோலார் பலகையும் கரண்டைச் சேர்த்து வைக்கும் பெட்டரியும் வாங்கினேன்; பலகை எங்கள் பக்கமே ஏறியது.

அந்தப் பக்கம் இருந்தது என் ஓரகத்தி, அண்ணனின் மனைவி. எனக்கும் அவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்: துணி. எங்கள் பக்கம் துணி காய்வதே இல்லை. காலை வெயில் முழுக்க அவர்களுக்கு. பின்னேரம் எங்களுக்கு வெயில் வரும் நேரம் பார்த்து மழையும் வந்துவிடும். அதனால் நான் அவர் கொடியில் கொண்டுபோய்ப் போடுவேன். ஒருநாள் என் ஈரத்துணியை எல்லாம் சுருட்டி எங்கள் இஸ்தோப்பில் எறிந்தார். எனக்கு வந்ததே கோபம்! நான் பேசிய பேச்சில் லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

இப்போது பாருங்கள் என் புத்தியை. எந்த வெயிலுக்காக மூன்று வருடம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு திரிந்தேனோ, அது எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையே போனைக் கையில் எடுத்ததும் மறந்துவிட்டேன். அட மடச்சி!

சித்திரை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. காலையில் வெயில் கூரை முகட்டுக்கு அந்தப் பக்கமே நின்றது. எங்கள் பக்கம் திரும்பும் நேரத்துக்கு வானம் கறுத்தது. பெட்டரி பாதிகூட நிறையவில்லை. அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை, மானம் போகுமே!

ஒரு பின்னேரம் இடி இடித்து, எங்கோ மரம் விழுந்து, கரண்டு போனது. கணவருக்கு இழுப்பும் வந்தது. மெசினை என் பெட்டரியில் மாட்டினேன். கொஞ்ச நேரம் ஓடியது, முனகியது, நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். திட்டுவதற்குக்கூட மூச்சில்லை.

அப்போது சுவருக்கு மேலாக ஓரகத்தியின் குரல் வந்தது: "ஏன்டி, மெசின் நின்னுருச்சு? அதுக்குள்ள முடிஞ்சிருக்காதே!"

"பெட்டரி செத்துருச்சுக்கா!" என்று கத்தினேன். மூன்று வருடத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்தார். அண்ணன் போய் ஆட்டோ கூட்டி வந்தார். "இக்மனட்ட அக்கே, இக்மனட்ட!" என்று டிரைவர் சிங்களத்தில் அவசரப்படுத்த, கணவரைத் தாங்கிப் பிடித்து ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் மெசின் வைத்த பிறகுதான் அவர் முகத்தில் உயிர் வந்தது. எனக்கும்தான்.

வெளியே பெஞ்சில் நானும் ஓரகத்தியும் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தோம். மெதுவாகக் கேட்டேன்: "முடிஞ்சிருக்காதுன்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"ஏன் தெரியாது? அவருக்கு இழுப்பு வர்றப்பல்லாம், அந்த மெசின் சத்தம் ஓடி முடிஞ்சப்புறந்தான் நான் சோத்துல கை வைக்கிறது."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, ஓரகத்தி காதில் விழட்டும் என்றே நான் சொன்ன பேச்செல்லாம் ஞாபகம் வந்தது.

"சரி, சரி, அழாத. நாளைக்கே அந்தப் பலகைய எங்க பக்கம் ஏத்து" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "துணிய மட்டும் தூக்கிட்டு வந்துறாத" என்றார்.

பலகை இப்போது அவர்கள் பக்கம் இருக்கிறது. மழை வருவதற்குள் பெட்டரி நிறைந்துவிடுகிறது. என் துணி இன்றைக்கும் காய்வதில்லை; இதை எழுதும்போது கட்டியிருக்கும் சேலையிலும் ஈர வாடைதான். ஆனால் மெசின் ஓடி நின்றதும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி வருகிறது: "முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுக்கா" என்கிறேன். "சாப்பிடுங்க."