மாவு பூசிய தேனீக்கள்

போன ஞாயிற்றுக்கிழமை முகப்பேரில் எங்கள் அடுக்குமாடி வாசலில் ஒருவன் அலுமினிய வாளியோடு வந்து உட்கார்ந்தான். வாளி நிறையத் தேன். மேலே ஒரு அடைத்துண்டு மிதந்தது, அதில் செத்துப்போன இரண்டு தேனீக்கள். வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டார். "சார், நீங்க முன்னாடி தேனீ வளர்த்தவராமே, இது அசலான்னு கொஞ்சம் வந்து பாருங்க. லேடீஸெல்லாம் பாத்திரத்தோட நிக்கிறாங்க."

இந்த மாதிரி வேலை என்றால் எனக்குக் காபிகூட வேண்டாம். இறங்கிப் போனேன். தொட்டேன், முகர்ந்தேன், நக்கினேன், கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெயிலில் பிடித்தேன். அவன் தீக்குச்சியைத் தேனில் முக்கிக் கொளுத்திக் காட்டினான். "இந்த வித்தையெல்லாம் வெல்லப்பாகுலயும் காட்டலாம் தம்பி" என்றேன். அவன் கோபப்படவே இல்லை, வாளியை மூடினான். "நம்பிக்க இல்லாதவங்ககிட்ட இன்னா சார் சொல்றது?" என்று அடுத்த கேட்டுக்கு நடந்தான். பாத்திரங்களோடு நின்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லவே வேண்டாம். அது பாகா தேனா என்று, சத்தியமாக, எனக்கு இன்னும் தெரியாது.

சந்தேகம் என் தொழில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறவனாகச் சேர்ந்தேன். வருகிற உருப்படி ஒவ்வொன்றும் கோணல் என்று நினைத்துக்கொண்டுதான் கையில் எடுக்க வேண்டும். அந்தப் புத்தி சாயங்காலம் கூடவே ரயிலேறி வீட்டுக்கு வந்துவிடும். பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரியில் முந்திரி அதிகமாக இருந்தது. எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்தவன் நான். என் மனைவி இதை இன்னமும் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அப்போது நாங்கள் திருநின்றவூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தேனீ வளர்க்க ஒரு நாள் பயிற்சி என்று யாரோ வாட்ஸப்பில் அனுப்ப, மலைத்தேன் குடித்து வளர்ந்த திண்டுக்கல் பக்கத்துக்காரன் என்ற மிதப்பில் நானும் போனேன். அங்கே பக்கத்து நாற்காலியில் இருந்தவர்தான் சேவியர் அண்ணன். ஏசி மெக்கானிக். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி சொந்த வீடு, ஊருக்கெல்லாம் குளிர்காற்று போட்டுவிட்டு வீட்டில் டேபிள் ஃபேனோடு இருக்கிறவர். ஆளுக்கொரு பெட்டி வாங்கி வந்தோம். என் பெட்டித் தேனீக்கள் பத்தே நாளில் சொல்லாமல் கொள்ளாமல் பறந்துவிட்டன. அவருடையவை பெருகின. அவர் வீட்டு வாசல் புங்கமரம் பூத்த மாசியில் அவர் தன் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, பாதியைத் துணி மூடிய பெட்டியில் வைத்து, ஸ்கூட்டியில் எடுத்து வந்து என் மொட்டைமாடியில் இறக்கினார். "எங்க ஊட்டு பொண்ண குட்த்துட்டேன் சார். ஒயுங்கா பாத்துக்கோ" என்றார்.

இதற்கு உள்காரணம் என்னவாக இருக்கும் என்று அன்று ராத்திரி நான் யோசித்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே யோசித்தேன்.

அடுத்த வருடத்துக்குள் அவரிடம் நாலு பெட்டி ஆகிவிட்டது. வேலை முடிந்து வந்ததும் மாடியேறிவிடுவார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் குந்தி, எந்தத் தேனீ காலில் என்ன நிறத்தில் மகரந்தம் கொண்டுவருகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் மனைவி பிலோமினா அக்கா ஒருநாள் டீ கொடுக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இந்தப் பூச்சிங்க வந்தப்பொறம்தான் சார் மனுசன் கடைப்பக்கம் போறதில்ல. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தி ஏத்தி நடக்காதது இதால நட்ந்துச்சி." கடை என்றால் எந்தக் கடை என்று எனக்குப் புரிந்தது.

வேப்பம்பூக் காலத்தில் எங்கள் மாடியெல்லாம் ஒரு கசந்த வாசனை அடிக்கும். அந்தத் தேனும் லேசாகக் கசக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் இந்தப் பக்கத்தில் தேனீக்குப் பூவே கிடையாது. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து நாம்தான் வைக்க வேண்டும். அந்த மழையில் என் பெட்டி இளைத்தது. நான் வைத்த பாகு மறுநாளே காலி, ஆனால் பெட்டியில் கூட்டம் ஏறவில்லை. வாசலில் தேனீக்கள் கட்டிப் புரண்டு சண்டை போட்டன. சேவியர் அண்ணனும் வேலைக்கு அதே ரயிலில்தான் வருவார், பார்க்கும்போதெல்லாம் கேட்டார். "பொட்டிய தொறந்து பாத்தியா சார்? வெயில் அடிக்கசொல்ல ஒருவாட்டி தொறந்து, புழு எப்டி கீதுன்னு பாரு. நான் வேணா வர்றேன்."

மழைக்காலத்தில் திறக்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்களே, இவர் ஏன் திற திற என்கிறார்? நான் வேணா வர்றேன் என்று வேறு ஏன் சொல்கிறார்? என் ராணித் தேனீ மேல் கண்ணோ? என் மூளை இப்படித்தான் வேலை செய்தது.

ஒரு சனிக்கிழமை சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் மைதா எடுத்தேன். மனைவி போண்டாவுக்கு வைத்திருந்தது. திருட வந்த தேனீ என்றால் மாவோடு அதன் சொந்தப் பெட்டிக்குத்தானே திரும்பும். என் பெட்டியிலிருந்து வெளியே பறக்கும் தேனீக்கள் மேல் டீ வடிகட்டியால் மாவைத் தூவிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு நேரே சேவியர் அண்ணன் வீட்டு மாடிக்கு ஓடினேன். பார்த்தால், முதுகெல்லாம் வெள்ளையாக ஒன்று, இன்னொன்று, அப்புறம் நாலைந்து, அவருடைய பெட்டிகளுக்குள் சாவகாசமாக நுழைகின்றன! திருடு கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

"உங்க பூச்சிதாண்ணே என் பெட்டியக் கொள்ளையடிக்குது" என்றேன்.

அவர் குனிந்து அந்த வெள்ளைத் தேனீக்களைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "உன் பொட்டி நோஞ்சானா கீது சார், அதான் பூருது. இன்னிக்கே வாசல அட. ஒரு பூச்சி போறா மாரி சின்ன சந்து வுடு, போதும்."

"குடுத்ததத் திரும்ப எடுத்துக்கலாம்னு பாக்குறீங்களா?"

பிலோமினா அக்கா டீயோடு படியில் நின்றுவிட்டார். நான் இறங்கி வந்துவிட்டேன். சேவியர் அண்ணன் சொன்னார் என்பதற்காகவே வாசலை அடைக்கவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து நல்ல வெயில் அடித்த ஒரு மதியம் மூடியைத் தூக்கினேன். அடைகளில் தேனீக் குஞ்சுப் புழுக்கள் தலையைத் தூக்கியபடி செத்துக் கிடந்தன. ஊசியால் ஒன்றை எடுத்தேன். தண்ணீர் நிறைந்த சின்னப் பை மாதிரி தொங்கியது. பயிற்சியில் படம் போட்டுக் காட்டிய அதே நோய். பெட்டிக்குப் பெட்டி ஒட்டிக்கொள்ளும், மருந்து கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. என் பெட்டியில் கொள்ளையடித்த ஒவ்வொரு தேனீயும் சீக்கைத்தான் சுமந்துகொண்டு போயிருக்கிறது. நான் மாவு பூசிப் பார்த்தது அந்த ஊர்வலத்தை.

அந்த நிமிடமே அவரிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பழி என் மேல் விழுமே என்று ஐந்து நாள் சும்மா இருந்தேன். ஆறாம் நாள் போனபோது அவர் மாடியில் பெட்டிகளின் அடைச் சட்டங்களை அடுக்கி எரித்துக்கொண்டிருந்தார். மெழுகு எரியும் வாசனை தெரு முனைவரை அடித்தது. என்னைப் பார்த்தார், இன்னொரு சட்டத்தை எடுத்துத் தீயில் வைத்தார். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். தைக்குள் நாலு பெட்டியும் காலி.

பிறகு அவர் ரயிலில் வேறு பெட்டியில் ஏற ஆரம்பித்தார். ஒருநாள் சாயங்காலம் பட்டாபிராமில் கூட்டம் இறங்கியபோது பார்த்தால் எதிரிலேயே நிற்கிறார். அவரிடம் சாராய வாடை அடித்தது. "அண்ணே, சீக்கு என் பெட்டியிலேர்ந்துதான் வந்துச்சு" என்றேன்.

"தெரியும் சார். அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

கேள்வியில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல்தான் கேட்டார். நம்பியிருக்க மாட்டேன். திருநின்றவூர் வந்தது, எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டார்.

வாளிக்காரன் போன அன்று மத்தியானமே வண்டியை எடுத்துக்கொண்டு திருநின்றவூருக்கு, சேவியர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அந்தப் புங்கமரம் இல்லை. பெட்டிகள் இருந்த மொட்டைமாடிமேல் இன்னொரு மாடி எழும்பி, ஜன்னலுக்கு ஜன்னல் ஏசி மாட்டியிருந்தது. ஒரு பெண் சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்து யார் வேண்டும் என்றாள். பெயரைச் சொன்னேன். அவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய் வெகுநாள் ஆகிறதாம், எங்கே என்று தெரியாதாம். "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

சிநேகிதர் என்று சொல்ல நா எழவில்லை. தெரிஞ்சவர் என்றேன்.