பகலில் அவளுடைய கட்டில்

வல்லம் வடகால் தொழிற்பேட்டைப் பக்கம் நான் குடியிருக்கும் அறையில் ஒரே கட்டில், ஆள் இரண்டு பேர். எனக்குப் பகல் ஷிப்ட், அவளுக்கு எப்போதும் ராத்திரி. காலையில் நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் வந்து சேருவாள். வாசலில் சாவி கைமாறும். "துன்னியா?" என்று கேட்பேன். "கண்ணு சொருகுதுட்டீ" என்று உள்ளே போய்விடுவாள். தென்காசிப் பக்கத்துக்காரி.

ஓ.டி. முடித்து நான் திரும்பும்போது அவள் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுக் கிளம்பியிருப்பாள். கடைசி நிமிஷம் வரை தூங்குகிறவள், அதனால் தலையணையில் சூடு மிச்சமிருக்கும். அடியில் ஒரு ஹேர்பின் கிடக்கும். அந்தச் சூட்டில் தலை வைத்துத்தான் நான் தூங்குவேன். குன்றத்தூரில் அண்ணன் வீட்டில் தனி அறையே இருந்தது. அங்கே இப்படி ஒரு நாளும் தூங்கியதில்லை.

எனக்குச் சின்ன வயதிலேயே போலியோ, இடது காலில் காலிப்பர், இரும்புத் தாங்கி. தரையில் படுத்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. இருவருக்கும் லீவு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவள் பாயை விரித்துத் தரையில் படுத்துக்கொண்டாள்.

போனிலேயே இரண்டு மூன்று குறும்படம் எடுத்திருந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் "இந்த நெலமையில இவ்ளோ பண்றியே" என்றார்கள். படம் நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எரிச்சலாக இருக்கும். அடுத்த படம் எங்கள் கட்டிலைப் பற்றி. ஒரே கட்டிலில் தூங்கும் இரண்டு பெண்கள், பேசிக்கொள்ள நேரமே கிடைக்காதவர்கள். நடிக்கிறாயா என்று அவளிடம் கேட்டேன். "தூங்குத மாதிரி நடிக்கணும், அவ்ளோதானே? அது எனக்கு நல்லா வரும்ட்டீ" என்றாள்.

மாற்றுத்திறனாளி இயக்குநர்களுக்கு ஓர் அறக்கட்டளை நிதி தருவதாகத் தெரிந்து கதையை அனுப்பினேன். அது கிடைத்தால்தான் கேமராவும் மைக்கும் வாடகைக்கு எடுக்க முடியும். வீடியோ காலில் நேர்காணல் என்றார்கள், நடுப்பகலில். லீவு போட்டேன். வெளியே லாரிச் சத்தம். அறையில் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் வரும். ஜன்னலை ஒட்டித்தான் கட்டில். அதில் அவள் துப்பட்டாவால் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

திரையில் மூன்று நடுவர்கள். நான் குரலை இறக்கிப் பேசினேன்.

"கொஞ்சம் சத்தமா பேசுங்கம்மா. பேசுறதுலயும் ஏதாவது பிரச்சனையா?" என்றார் மூத்தவர்.

"இல்ல சார், ரூம்ல ஒருத்தி தூங்குறா. நைட் ஷிப்ட்."

அவர் காதில் அது விழவில்லை போலிருக்கிறது. "இந்தக் கதையில உங்க போராட்டம் எங்க இருக்கு? காலிப்பரோட நீங்க பஸ் ஏறுற மாதிரி ஒரு சீன் வைக்கலாமே. பேசாம உங்களப் பத்தியே எடுங்களேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தக் கோபத்தைக்கூட முணுமுணுத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "கால் இப்பிடி இருந்தா காலப் பத்திதான் படம் எடுக்கணுமா சார்?"

அதற்குள் துப்பட்டாவுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ஏட்டி, சத்தமாவே பேசு. நான் அப்பமே முழிச்சிட்டேன்."

நடுவர்களில் ஒருவர் பெண். அதுவரை பேசாமல் இருந்தவர் சிரித்துவிட்டார். "இவங்கதான் அந்தப் பொண்ணா?" என்று கேட்டார். போனைக் கட்டில் பக்கம் திருப்பினேன். அவள் துப்பட்டாவை விலக்காமலே கையை மட்டும் நீட்டி ஆட்டினாள். அன்று நேர்காணல் அதோடு முடிந்தது. ராத்திரி வேலைக்குப் போகிறவளின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு வருத்தம். அவள் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள்.

அதன்பிறகு ஒரு சாயங்காலம் வந்து படுத்தபோது தலையணை சில்லென்று இருந்தது. கொடியில் அவள் துணிகள் இல்லை. போன் செய்தேன். கான்ட்ராக்ட் முடிந்துவிட்டதாம், லைனில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்களாம், மத்தியானமே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாளாம். "நீ வேலையில இருப்ப, எதுக்குக் கூப்பிடணும்னு விட்டுட்டேன்" என்றாள். நாங்கள் சரியாக விடைபெறவே இல்லை. அன்று சாப்பிடாமலே படுத்தேன்.

நிதி கிடைத்துவிட்டது என்று மெயில் வந்தது அதற்கு அடுத்த வாரம். அந்தப் பெண் நடுவர்தான் எனக்காக வாதாடியிருக்க வேண்டும். நான் எழுதிய கதையை எழுதியபடியே எடுக்கலாம் என்று போட்டிருந்தது. உடனே அவளைக் கூப்பிட்டேன். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், வர விடமாட்டார்கள் என்றாள். "வேற யாரையாவது படுக்க வையி. மூஞ்சிய மூடித்தானே கெடக்கணும்."

வீட்டுக்காரம்மா புது ஆள் போடுவதாகச் சொன்னார். ஷூட்டிங் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கேமராவை ஜன்னலில் வைத்து நாள் முழுக்கக் காலிக் கட்டிலை எடுத்தேன். சாயங்காலம் நானே உள்ளே வந்து, காலிப்பரைக் கழற்றிவிட்டு, தலையணையைத் தொட்டுப் பார்க்கிற காட்சி. ஒரே டேக்கில் முடிந்தது. போட்டுப் பார்த்தால், அந்த மூத்த நடுவர் கேட்ட மாதிரியே, படத்தில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.